கொக்கி இருந்தால் மாடு இல்லை, மாடு இருந்தால் கொக்கி இல்லை

மேய்ச்சல்காரன் கேட்டது, 23 நவம்பர் 2025

நெப்ராஸ்காவில் லெக்சிங்டன் என்ற ஊரில் இருக்கும் டைசன் மாட்டிறைச்சி ஆலையை வருகிற ஜனவரியில் மூடப் போகிறார்களாம். சுமார் 3,200 பேருக்கு வேலை போகிறது. அமெரிக்காவில் மாட்டிறைச்சி விலையோ உச்சத்தில். இது எப்படி என்று புரியவில்லை. கூடவே 2003 ஞாபகம் வருகிறது. கனடாவில் மேட் கவ் (மாட்டின் மூளையை அரிக்கும் நோய்) வந்து எல்லை மூடியபோது, மாடு குவிந்து கிடக்கிறது, அறுக்க ஆலை இல்லை என்று அழுதார்கள். அன்றே விவசாயிகள் கூடிச் சொந்தமாக ஆலை கட்டியிருந்தால் இன்று அமெரிக்கனையும் பெரிய கம்பெனியையும் நம்பிக் கிடக்க வேண்டாமே? ஒற்றுமை இல்லாத கூட்டம், வேறென்ன. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கூலர்காரன், 23 நவம்பர், இரவு

மறுக்கிறேன். கட்டினார்கள். ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில். அதில் ஒன்றில் நானே குழாய் இழுத்தேன். நாளை எழுதுகிறேன், இப்போது வண்டி மேல் கிடக்கும் பனியைத் தள்ளப் போக வேண்டும்.

24 நவம்பர்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்று நாலு பேர் வருவார்கள். காங்கேயம் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), கொஞ்சம் மாட்டுத் தரகு. நான் ஐடிஐ-யில் குளிர்சாதனம் படித்து, துபாயில் குளிர்கிடங்கு வேலை பார்த்து, 2001-ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு வந்தவன். அமோனியா கம்ப்ரசர்தான் பிழைப்பு. நான் இருந்த கம்பெனி இறைச்சி ஆலைகளுக்கும் பால் பண்ணைகளுக்கும் குளிர்சாதன வேலை எடுத்துச் செய்யும். மாட்டிறைச்சி தின்பதில்லை. இருபது வருஷம் அதைக் குளிர வைத்துச் சோறு தின்றேன், அவ்வளவுதான். தின்னலாமா கூடாதா என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, தயவுசெய்து அங்கே போங்கள்.

2003 மே 20 அன்று நான் ஒரு ஆலையின் கூரை மேல் கண்டென்சரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மதியம் கீழே இறங்கியபோது சாப்பாட்டு அறையில் எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி நிற்கிறார்கள், ஒருவரும் உட்காரவில்லை. வடக்கு ஆல்பர்ட்டாவில் ஒரே ஒரு பசு. ஜனவரி 31-லேயே அறுபட்டது, நோஞ்சான் என்று உணவுக்கு ஆகாதென ஒதுக்கப்பட்டது. அதன் இறைச்சி யார் தட்டுக்கும் போகவில்லை. தலை மட்டும் பரிசோதனை வரிசையில் மூன்றரை மாதம் காத்திருந்தது. பிறகு இங்கிலாந்தின் வேபிரிட்ஜ் ஆய்வகம் உறுதி செய்தது. அன்றைக்கே அமெரிக்கா கதவைச் சாத்தியது. ஜப்பான், மெக்சிகோ, கொரியா என்று அடுத்தடுத்து எல்லாரும்.

அதற்கு முந்தைய வருஷம் மட்டும் கனடாவிலிருந்து சுமார் 17 லட்சம் மாடுகள் உயிரோடு லாரியில் அமெரிக்கா போயிருந்தன. அந்த லாரிகள் ஒரே நாளில் நின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடு நிற்குமா? தின்னும், பெருக்கும், கன்று போடும்.

25 நவம்பர், காலை

‘ஆலைத் திறன்’ என்றதும் எல்லாருக்கும் கத்தியும் சங்கிலியும் ஓடும் இடம்தான் மனதில் வருகிறது. அது ஆலையின் சின்னப் பகுதி. மாட்டை அறுப்பது சில நிமிஷம். அறுத்த உடலைக் குளிர வைப்பது ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள். அறுத்த உடல் கிட்டத்தட்ட 39 டிகிரியில் கூலருக்குள் வரும். அதை நாலைந்து டிகிரிக்கு இறக்க வேண்டும். ரொம்ப வேகமாக இறக்கினால் தசை சுருங்கி இறைச்சி ரப்பராகிவிடும், மெதுவாக இறக்கினால் கிருமி. உடல்கள் ஒன்றோடொன்று உரசாமல் கொக்கியில் தொங்க வேண்டும், நடுவில் காற்று போக வேண்டும். ஆகவே அறுக்கும் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால், கொக்கி மாட்டிய தண்டவாளத்தோடு கூலரையும் இரட்டிப்பாக்க வேண்டும். அப்புறம் எலும்பு, கொழுப்பு, குடலைக் காய்ச்சும் ரெண்டரிங். அப்புறம் கழிவுநீர். அப்புறம் தோல். கடைசியாக, கத்தி பிடிக்கத் தெரிந்த ஆள்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆயிரம் மாடு, உடல் ஒன்றுக்கு 280 கிலோ. அந்தச் சூட்டை ஒரு நாளில் எடுக்க சராசரியாக 95 டன் குளிர் வேண்டும். வீட்டு ஏசி ஒன்றரை டன். 60-க்கும் மேற்பட்ட ஏசி இரவு பகலாக ஓடுவதற்குச் சமம்.

25 நவம்பர், மாலை

280 கிலோ தப்பு. அது ஊர் மாட்டு ஞாபகம். ஃபீட்லாட்டில் (மாட்டைக் கொழுக்க வைக்கும் பட்டி) பார்லி தின்று கொழுத்த மாட்டின் உடல் 350 கிலோ தேறும், 2003-ல் எல்லை மூடி விற்காமல் தேங்கி நின்றவை அதற்கு மேலும் கொழுத்தன. ஆக 120 டன், 80 ஏசி. அதுவும் சராசரிதான். முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பாலான சூடு வெளியேறும், இயந்திரத்தை அதற்கேற்ப வாங்க வேண்டும், சராசரிக்கு வாங்கினால் தொலைந்தோம். இதைச் சுட்டிய நண்பருக்கு நன்றி சொல்லப் போவதில்லை, அவர் சொன்ன தொனி அப்படி.

27 நவம்பர்

‘பெரிய ஆலைகள் ஏற்கனவே இருந்தனவே, அவர்கள் ஷிஃப்ட் கூட்டியிருக்கலாமே’ என்று கேட்டிருக்கிறார்கள். கூட்டினார்கள். சனிக்கிழமையும் ஓட்டினார்கள், கூலரை நீட்டினார்கள். எனக்கே அந்த இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. நாட்டின் மொத்த அறுக்கும் திறன் மூன்று வருஷத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியது. அதில் பெரும்பகுதி ஆல்பர்ட்டாவின் ஹை ரிவர், புரூக்ஸ் ஊர்களில் ஏற்கனவே இருந்தவை மாதிரிப் பெரிய ஆலைகளில்தான்.

ஆனால் அது எல்லா மாட்டுக்கும் உதவவில்லை. இங்கேதான் பல் கதை வருகிறது.

2003 ஆகஸ்டில் அமெரிக்கா கதவைக் கொஞ்சமாகத் திறந்தது. 30 மாதத்துக்குக் குறைந்த வயது மாட்டின் எலும்பில்லாத இறைச்சி வரலாம், உயிர் மாடு வரக்கூடாது. வயது எப்படித் தெரியும்? பிறந்த தேதி எழுதி வைத்தவன் அப்போது குறைவு. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். முன்பல்லில் நிலைப்பல் இரண்டு வரை சரி. மூன்றாவது தலை காட்டினால் 30 மாதம் தாண்டியது என்று வேறு வரிசை, வேறு கத்தி, வேறு விலை.

இதை அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “அங்கயும் பல்லு பாத்துத்தான் வெலையா? இதுக்கா ஏரோப்ளான் ஏறிப் போன?” கண்ணபுரம் சந்தையில் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதுதான். பல் போடாதது, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது (எட்டுப் பல்லும் முளைத்தது). ரெண்டு பல் தாண்டினால் உழவுக்கு ஆகும் என்று அங்கே விலை ஏறும், இங்கே இறங்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிரச்சினை கடை சேர்ந்த பசுக்கள். கறவை நின்ற பால் பசு, கன்று போடாத தாய்ப்பசு. ஒவ்வொரு மந்தையிலும் வருஷத்துக்குப் பத்தில் ஒன்றாவது இப்படிக் கழியும். இவற்றில் ஒரு பெரும் பகுதி அதுவரை அமெரிக்காவுக்குப் போய் ஹாம்பர்கர் ஆனது. இப்போது இறைச்சியாகவும் போக முடியாது, உயிரோடும் போக முடியாது. பெரிய ஆலைகளுக்கு இளம் மாடே வாசலில் வரிசை கட்டி நிற்கும்போது கிழப்பசு எதற்கு? சில ஏலங்களில் பசுவை விற்ற காசு லாரி வாடகைக்குக்கூடத் தேறவில்லை.

நம் ஊரில் ‘அடிமாட்டு விலைக்கு’ என்று எதற்கெல்லாமோ சொல்கிறோம், பழைய பைக், வீட்டு மனை. 2003 ஜூலையில் ஆல்பர்ட்டாவில்தான் நான் அந்தச் சொல்லின் நேர்ப்பொருளைப் பார்த்தேன். பவுண்டுக்கு ஒரு டாலர் தாண்டி விற்ற கொழுத்த மாடு 40 சென்ட்டுக்கும் கீழே போனது. அது இளம் மாட்டு விலை. பசு விலையை எழுத மனசு வரவில்லை.

27 நவம்பர், இரவு

ஒரு விஷயம் விட்டுப்போனது. கனடாக்காரர்கள் அந்தக் கோடையில் மாட்டிறைச்சியைக் குறைக்கவில்லை, கூட்டினார்கள். மேட் கவ் வந்த நாட்டில் சொந்த மக்களே அதிகம் தின்றது வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. கடை வாசலில் கொடி கட்டி பார்பிக்யூ போட்டார்கள். ஒரு முழு அடுப்பைச் சுற்றி ஐம்பது பேர் நிற்க, நான் மட்டும் சோளக்கதிரைத் தின்றுகொண்டு துரோகி மாதிரி நின்றேன்.

28 நவம்பர்

மேய்ச்சல்காரன் ‘பெரிய கம்பெனி’ என்று திட்டினார். சரி, அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

மாடு எல்லையைத் தாண்ட முடியாது, இறைச்சி தாண்டலாம். இந்த ஒரு வரியை நன்றாக யோசியுங்கள். வாசலுக்கு வெளியே மாடு அடிமாட்டு விலை. வாசலுக்கு உள்ளே போய்ப் பெட்டியில் ஏறிவிட்டால் அமெரிக்க விலை. நடுவில் இருப்பது கொக்கி. கொக்கி யாரிடம் இருக்கிறதோ அவன் ராஜா. அரசு விவசாயிக்கு உதவி என்று பணம் கொடுத்தது, அந்த உதவித் திட்டம் மாடு விற்றால்தான் என்றிருந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க ஓடினார்கள், விலை இன்னும் விழுந்தது. 2004 ஜூலையில் ஆல்பர்ட்டா தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது: பெரிய மூன்று ஆலைகளின் லாபம் 281 சதவீதம் கூடியிருந்தது. ஒட்டாவாவில் நாடாளுமன்றக் குழு கணக்கைக் காட்டச் சொன்னது, ஆலைகள் தயங்கின, அவமதிப்பு என்றார்கள், அதற்குள் தேர்தல் வந்து சபையே கலைந்தது. போட்டி ஆணையம் விசாரித்து, கூடிப்பேசி விலை வைத்ததற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது.

கூடிப்பேச என்ன தேவை? பஞ்ச காலத்தில் எங்கள் பக்கத்துச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவார்கள். ஒருவன் சொன்ன விலை அடுத்தவனுக்குத் தெரியாது. இருந்தும் எல்லாத் துண்டுக்குள்ளும் ஒரே விலைதான் இருக்கும். தீவனம் தீர்ந்தவன் முகத்தைப் பார்த்தாலே விலை தெரிந்துவிடும். அப்பாவும் அப்படி வாங்கியிருக்கிறார், அந்த வருமானத்தில்தான் நான் ஐடிஐ படித்தேன். அதனால் ஆலைக்காரனை ரொம்பத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

30 நவம்பர்

இப்போது கட்டிய கதை.

2004 செப்டம்பர் 10 அன்று மத்திய அரசு 48.8 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தது. பெரும்பகுதி மாட்டைச் சந்தைக்கு வராமல் தள்ளி நிறுத்திவைக்க. ஆலைத் திறனைக் கூட்ட 3.75 கோடி, அதுவும் கையில் கொடுக்கும் பணம் இல்லை. வங்கி கொடுக்கும் கடன் வாராமல் போனால் நஷ்டத்தில் பங்கெடுக்கும் ஒதுக்கீடு. வங்கிக்காரன் ஒதுக்கீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உன் நிலப் பத்திரம் எங்கே என்றான்.

இருந்தும் கட்டினார்கள். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் அட்லாண்டிக் பீஃப், 2004 கடைசியில் திறந்தது. அது அரசுப் பணத்தில் தத்தித் தத்தி நடந்து பிழைத்துக்கொண்டது. கியூபெக்கில் உற்பத்தியாளர் கூட்டமைப்பு, பசு அறுக்கும் கோல்பெக்ஸ் ஆலையின் பெரும் பங்கையே வாங்கியது, 2012-ல் மூடினார்கள். மானிடோபாவில் டாஃபின் ஊரில் விவசாயிகள் பங்கு போட்டு, அமெரிக்காவில் மூடிக்கிடந்த ஆலையின் பழைய இயந்திரங்களை வாங்கினார்கள். ஆலை திறக்கவே இல்லை. சஸ்காச்சுவானில் ஒன்று, ஒன்டாரியோவில் கிச்சனரில் ஒன்று, இரண்டும் சில வருஷத்தில் போயின. கால்கரிக்கு வடக்கே பால்சாக்கில் ரான்சர்ஸ் பீஃப் 2006-ல் திறந்து 2007 ஆகஸ்டில் மூடியது.

நான் குழாய் இழுத்த ஆலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சின்னது. பங்கு போட்டவர்கள் பலரும் மூன்றாம் தலைமுறை விவசாயிகள். கூட்டம் ஒரு சமுதாயக் கூடத்தில் நடக்கும், மேசையில் காப்பியும் வீட்டில் சுட்ட ‘பை’ (pie) பலகாரமும். தலைவர் பெரிய தொப்பிக்காரர். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: ஒரு நாளைக்கு 250 மாடு ஓடுமா? அறுக்கும் இடம் ஓடும், ஆனால் இந்தக் கூலர் 150-க்குத்தான் என்றேன். பணம் போதாமல் கூலரைச் சுருக்கியிருந்தார்கள். கம்ப்ரசரும் பழையது, எங்கோ ஐஸ்கிரீம் ஆலையில் ஓடியது. யோசித்துப் பாருங்கள், பசு அறுக்க ஆலை கட்டுகிறவன் கத்தி, சங்கிலி, தொழிலாளிக்கு எல்லாம் செலவு செய்துவிட்டுக் குளிரில் கை வைக்கிறான். அங்கேயே தோற்றார்கள்.

எங்கள் கம்பெனிக்குக் கடைசி பில்லில் டாலருக்கு 30 சென்ட் வந்தது.

1 டிசம்பர்

அந்தக் கம்ப்ரசரைப் பற்றி ‘அதற்கு முன்னால் ஐஸ்கிரீம், அப்புறம் பசு, ஆக பால் பொருள் தானே’ என்று எழுதிய நண்பருக்கு: நல்ல ஜோக். எங்கள் கம்பெனியில் 2005-லேயே அதைச் சொல்லிவிட்டார்கள்.

3 டிசம்பர்

ஏன் மூடின என்று கேட்டால் ‘நிர்வாகம் சரியில்லை’ என்பது எளிய பதில். நானும் பல வருஷம் அதையே சொன்னேன். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

2005 மார்ச்சில் எல்லை இளம் மாட்டுக்குத் திறந்தது. பிழை, திறக்க இருந்தது. மார்ச் 7 என்று நாள் குறித்தார்கள், ஆர்-காஃப் என்ற அமெரிக்க மாட்டுக்காரர் சங்கம் வழக்குப் போட, மொன்டானா நீதிபதி மார்ச் 2-ல் தடை கொடுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூலை 14-ல் தடையை நீக்கியது, 18-ல் முதல் லாரி தாண்டியது. அந்த நான்கு மாதத் தடைதான் சில ஆலைகளுக்கு அடிக்கல் நாட்டியது. எல்லை இனி திறக்காது என்று நம்பி கான்கிரீட் ஊற்றினார்கள். கான்கிரீட் காய்வதற்குள் எல்லை திறந்துவிட்டது.

லாரி தாண்டியதும் அமெரிக்க ஆலைகள் வந்து விலை கொடுத்தன. பங்கு போட்ட விவசாயியே, தன் ஆலைக்குக் கொடுத்தால் கிடைப்பதைவிடப் பத்து டாலர் அதிகம் என்றால், மாட்டைத் தெற்கே ஏற்றினான். குற்றமா? அவனும் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டியவன். அப்பா வளர்த்த மாட்டை அப்பாவே எந்தத் தரகன் அதிகம் கொடுக்கிறானோ அவனிடம்தான் கொடுப்பார்.

அப்புறம் 2007. ஜூலை 12 முதல் மூளை, தண்டுவடம் போன்ற ஆபத்துப் பாகங்களைக் கால்நடைத் தீவனத்திலிருந்தும் உரத்திலிருந்தும் முற்றாக விலக்க வேண்டும் என்று கனடா சட்டம். அவற்றைத் தனியாகப் பிரித்து, தனி லாரியில் ஏற்றி, தனி இடத்தில் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். வயதான மாட்டில்தான் இந்தப் பாகங்கள் அதிகம், ஆக பசு அறுக்கும் ஆலைக்குத்தான் அடி. அமெரிக்காவில் அவ்வளவு கடுமை கிடையாது. நவம்பர் 19-ல் பழைய மாட்டுக்கும் எல்லை திறந்தது. அதே மாதம் கனடா டாலர் அமெரிக்க டாலரைத் தாண்டி 1.10 வரை போனது; 2003 தொடக்கத்தில் அது 65 சென்ட். ஏற்றுமதி செய்கிறவன் கழுத்தில் இதைவிடப் பெரிய கல் கிடையாது. ஆளுக்கோ, வடக்கே எண்ணெய் மணலில் கத்தி பிடிக்காமலே இரண்டு மடங்கு கூலி. எங்கள் கம்பெனியிலேயே நாலு பேர் ஃபோர்ட் மெக்மரே போனார்கள்.

இதில் எதை எந்த நிர்வாகம் தடுத்திருக்கும்?

6 டிசம்பர்

‘அப்படியானால் பெரியவர்களிடமே விட்டுவிடலாம் என்கிறீர்களா’ என்று மேய்ச்சல்காரன் மடக்கியிருக்கிறார்.

இல்லை. இங்கே நான் தடுமாறுகிறேன்.

2012 செப்டம்பரில் புரூக்ஸ் ஆலையில் ஈ.கோலை கிருமி. கனடா வரலாற்றின் மிகப் பெரிய இறைச்சித் திரும்பப்பெறல். உரிமம் நிறுத்தப்பட்டது. நாட்டின் மாட்டிறைச்சியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அந்த ஒரு கட்டடம். ஃபீட்லாட்டுகளில் மறுபடியும் 2003 முகங்கள். பிறகு பிரேசிலின் ஜேபிஎஸ் கம்பெனி அந்த ஆலையை எடுத்தது. 2020 ஏப்ரலில் ஹை ரிவர் ஆலையில் கோவிட். சுமார் 2,000 பேரில் 900-க்கும் மேல் தொற்று, உயிர்களும் போயின. இரண்டு வாரம் மூடினார்கள். புரூக்ஸும் பாதியாக ஓடியது. மறுபடியும் மாட்டைத் தள்ளி நிறுத்த அரசுப் பணம், இந்த முறை 5 கோடி. பதினாறு வருஷம் கழித்து அதே மருந்து, அதே வார்த்தைகள்.

அந்த இரண்டு வாரமும் நான் நினைத்தது அந்தச் சின்ன ஆலையைத்தான். 150 மாடு ஓட்டினாலும் ஓட்டியிருக்கும். அந்த மாதிரி ஆறு இருந்திருந்தால்? ஆனால் ஆறும் பதினைந்து வருஷம் நஷ்டத்தில் கொக்கியை வெறுமனே தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும், அந்தச் செலவை யார் கொடுப்பது? விவசாயி கொடுக்க மாட்டான், பார்த்தோம். கடையில் வாங்குகிறவன் கொடுக்க மாட்டான். அரசு வெள்ளம் வந்த பிறகு படகு வாங்கும், வெள்ளம் வடிந்ததும் படகை ஏலம் விடும்.

அமெரிக்கா 2022-ல் தனிச் சின்ன ஆலைகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. அங்கே நான்கு கம்பெனிகள் கொழுத்த மாட்டில் சுமார் 85 சதவீதத்தை அறுக்கின்றன, கோவிட்டில் அவர்களும் இதே அடி வாங்கினார்கள். பணம் வந்து, வரைபடம் போட்டு, ஆலை எழும்பும்போது மாடு இல்லை.

7 டிசம்பர்

மேலே சொன்னதிலேயே லெக்சிங்டன் கேள்விக்கான பதில் இருக்கிறது. வறட்சி வருஷங்களில் அமெரிக்காக்காரன் தாய்ப்பசுவை விற்றான். 2025 ஜனவரி 1-ல் அங்கே மொத்த மாடு 8.67 கோடி, 1951-க்குப் பிறகு இவ்வளவு குறைவு இல்லை. மாடு குறைவு என்பதால் இறைச்சி விலை உச்சம், மாட்டு விலை அதைவிட உச்சம், நடுவில் இருக்கும் ஆலைக்கு நஷ்டம். 2003-ல் மாடு வரிசையில் நின்றது, கொக்கி விலை சொன்னது. இப்போது கொக்கி வரிசையில் நிற்கிறது, மாடு விலை சொல்கிறது. லெக்சிங்டனில் ஒரு நாளைக்குச் சுமார் 5,000 கொக்கி. அதை மூடினால் மற்ற ஆலைகளுக்குக் கொஞ்சம் மூச்சு. 3,200 பேருக்கு? அந்த ஊரே அந்த ஆலைதான். அவர்களில் பலர் என்னை மாதிரி எங்கிருந்தோ வந்தவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கும் நார்த் பிளாட்டில் இதே 2025-ல் புதிதாக ஒரு ஆலை திறந்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 1,500 மாடு அறுக்க. மாட்டுக்காரர்கள் தொடங்கியது, வால்மார்ட்டும் பங்கு வைத்திருக்கிறது. வாங்குகிறவனையே பங்காளியாக்கியதுதான் எங்கள் தொப்பிக்காரர்களுக்குத் தோன்றாத யோசனை. தோன்றியிருந்தாலும் 2005-ல் யார் வந்திருப்பார்கள்?

8 டிசம்பர்

‘ஒன்றரை மணி நேரம் இல்லை, ஒரு மணி நேரம்தான்’ என்கிறார்கள். சரி, நான் குளிர்கால வேகத்தில் சொன்னேன்.

14 டிசம்பர்

ஒரு வாரமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நவம்பர் 30-ல் ‘பணம் போதாமல் கூலரைச் சுருக்கியிருந்தார்கள்’ என்று எழுதினேன். அவர்கள் தாமாகச் சுருக்கவில்லை. வரைபடக் கூட்டத்தில் செலவைக் குறைக்க என்ன வழி என்று கேட்டபோது, கூலரை இப்போதைக்குச் சின்னதாகக் கட்டி, பின்னால் சுவரை இடித்து நீட்டிக்கொள்ளலாம் என்று சொன்ன மூன்று பேரில் நானும் ஒருவன். தொழில்நுட்பமாகத் தப்பில்லாத யோசனை. பின்னால் என்று ஒன்று வரவில்லை, அவ்வளவுதான். தொப்பிக்காரர் 250 ஓடுமா என்று கேட்டது அதற்கு அப்புறம். அவருக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. ‘அங்கேயே தோற்றார்கள்’ என்று எழுதியதை அடித்துவிடுங்கள். 3-ஆம் தேதிக் குறிப்பைப் படித்தால் 500 மாட்டுக்குக் கூலர் இருந்திருந்தாலும் மூடியிருப்பார்கள் என்று தெரியும். அதை நான் எனக்காகச் சொல்லிக்கொள்கிறேனா என்பது வேறு.

பால்சாக் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கட்டடம் பத்து வருஷம் சும்மா கிடந்து 2017-ல் ஹார்மனி பீஃப் என்ற பெயரில் மறுபடி திறந்தது. தண்ணீரும் கழிவுநீரும்தான் பெரிய தடை. கடைசியில் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடு வந்தார்கள். ஆக மேய்ச்சல்காரன், அன்று ஊற்றிய கான்கிரீட் எல்லாம் வீண் போகவில்லை. ஊற்றியவர்களுக்குத்தான் பயன்படவில்லை.

15 டிசம்பர்

அந்த ஐஸ்கிரீம் கம்ப்ரசர் என்ன ஆனது என்று கேட்டவருக்கு. ஏலத்தில் போனது. பக்கத்து ஊர் நகராட்சி ஹாக்கி மைதானத்துக்கு வாங்கிப் போட்டது, அங்கேயும் அமோனியாதான். ஓய்வு பெறும் முன் கடைசியாக நான் எண்ணெய் மாற்றிய இயந்திரங்களில் அதுவும் ஒன்று. இரண்டாவது பிஸ்டனில் ஒரு டக்டக் சத்தம், 2005-லேயே இருந்தது. மேலே ஆறு வயதுப் பிள்ளைகள் விழுந்து எழுந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். தொப்பிக்காரரின் பேத்தியும் அதில் இருந்தாள், அவர்தான் கூப்பிட்டுக் காட்டினார். கம்ப்ரசரைப் பற்றி இருவரும் பேசவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தார்.